பதினொரு மணிக் கொம்பு

அந்த இரண்டு மாதமும் நான் ஒரு நாற்காலியில் முழுதாக அரைமணி நேரம் உட்கார்ந்ததாக நினைவில்லை. ஆபீசில் பேனாவைத் தொட்டால் திடல் ஞாபகம் வரும். திடலுக்குப் போனால் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் யாரோ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சேதி வரும். லயத்துக்கு ஓடினால் லாரி கிடைக்குமோ கிடைக்காதோ என்று அதற்கொரு நடை ஓட வேண்டியிருக்கும். “சின்னக் கிராணிக்குக் கால்ல வெந்நீர் கொட்டிருச்சு” என்று பெண்கள் என் காதுபடவே சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விடுகிற ஆள் இல்லை நான். திரும்பி நின்று இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து எட்டு மைல். ரப்பர் தோட்டங்களில் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்பார்கள். நான் அவருக்குக் கீழே உள்ள சின்னக் கிராணி, வயது இருபத்திரண்டு. அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு காற்பந்துக் குழு பிறந்தது. பதினொரு பேரும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டு ஆட்கள். காலில் பூட்ஸ் கிடையாது. முன்வரிசையில் நடு ஆட்டக்காரர் என் மச்சான், என் அக்காவின் புருஷன்.

மச்சானைப் பற்றிச் சொல்வதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாலு. அடுத்த வாரமே வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனாள். என்னை ஈப்போவில் பாதிரிமார் பள்ளியில் சேர்த்தாள். நான் இங்கிலீஷ் எழுதக் கற்றதும் கிராணி ஆனதும் அவள் கையால்தான். அவளுக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்து எட்டு மாதத்தில் அதை மலேரியா கொண்டுபோய்விட்டது. தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது மறுபடியும் வயிற்றில் நாலு மாதம். “இந்தப் பிள்ளைய நான் லயத்துல பெத்துக்க மாட்டேன்டா” என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அழவில்லை. துணி துவைத்துக்கொண்டே சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவில் ஓர் இரும்புப் பட்டறையின் ஃபோர்மன் எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தார். ஈயச் சுரங்கங்களுக்கு இயந்திரம் செய்கிற பட்டறை அது. பட்டணத்துக் கிறிஸ்தவத் தமிழர், தொப்பி போட்டவர், பந்து என்றால் உயிர். பட்டறைக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. மச்சான் திடலில் ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்த ஆள ஈப்போ பாடாங்குல, அந்தப் பெரிய திடல்ல, ஒரு தடவ பார்க்கணும். ரெண்டு மாசம் கழிச்சு எங்க பட்டறைக் குழுவோட ஜனத்துக்கு முன்னால ஆடிக் காட்டச் சொல்லு. புடிச்சிருந்தா பட்டறையில வேல, கோட்டர்ஸ் வீடு ரெண்டும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்.”

ஆஸ்பத்திரி என்ற சொல்லோடு எனக்குத் தூக்கம் போயிற்று.

சிக்கல் ஒன்று இருந்தது. மச்சான் தோட்டத்துத் திடலில் புலி. பட்டணத்தில் பூனை. அதற்கு முன் ஒருமுறை ஈப்போவில் சில்லறை ஆட்டம் ஒன்று ஆடியபோது, ஓரத்தில் நின்ற பத்துப் பேர் “தோட்டக்காட்டான், தோட்டக்காட்டான்” என்று கத்தியதில் பந்து எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நின்றுவிட்டார். “அவனுங்க சத்தம் காதுக்குள்ள பூந்துருச்சு தம்பி” என்றார். அப்படியென்றால் நம் சத்தம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே? ஆட்களைச் சேர்த்து, லாரி ஏற்றி, திடலின் ஒரு பக்கம் முழுக்க நம் ஜனத்தை நிறுத்திவிட்டால் போயிற்று. இப்படித்தான் எங்கள் தோட்டத்து ரசிகர் கூட்டம் தொடங்கியது. தலைவன், செயலாளன், எடுபிடி எல்லாம் நானேதான்.

விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்த நேரத்தில், துரை வருவதற்குமுன் ஒரு பெஞ்சில் ஏறிப் பேசினேன். ஒருவரும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் துவைக்க, விறகு பொறுக்க, தலைக்கு எண்ணெய் தேய்க்க என்றார்கள். ஆண்கள் கள்ளுக்கடை திறந்திருக்கும் நாளை விட மனமில்லாமல் நின்றார்கள். கடைசியில் ஒரு பெண் கேட்டாள், “ஆட்டத்துக்கு முன்னாடி துணிக்கடப் பக்கம் கூட்டிட்டுப் போவீங்களா?” சரி என்று தொலைத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு முப்பது பேர் சேர்ந்தார்கள். பெண்கள் போவதைப் பார்த்து ஆண்கள் முப்பது பேர். ரப்பர் பாளம் ஏற்றுகிற சீனத் தவுக்கேயிடம், அந்த லாரி முதலாளியிடம், மூன்று நாள் நடையாய் நடந்து இரண்டு லாரி பிடித்தேன்.

பிறகு கத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நம்புங்கள், அதுதான் பெரிய பாடு. துரைக்கு முன்னால், கங்காணிக்கு முன்னால், எனக்கு முன்னால்கூட வாயைத் திறக்காமல் பழகிய ஜனம். “கத்துங்க!” என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கையைத் தட்டச் சொன்னால் பஜனைக்குத் தட்டுவது போலத் தாளத்தோடு தட்டுகிறார்கள். ஒருவழியாக வாய் திறந்ததும் புதிய வம்பு. பழக்க ஆட்டத்தில் எதிராளி நன்றாக உதைத்தாலும் இவர்கள் “ஆஹா!” என்றார்கள்.

“அது அவங்க அடிச்ச பந்து!” என்று நான் குதித்தேன்.

“யாரு அடிச்சா என்னங்க? நல்ல அடிதானே லா” என்றாள் துணிக்கடைக்குப் போகக் கேட்ட அந்தத் துணிக்கடைப் பெண். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கையில், மரத்தடியில் பால் வடியக் காத்திருந்தவர்களைக் கத்தச் சொல்லிவிட்டு, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க ரப்பர் ஸ்டோர் வரை நடந்து போனேன். ஒன்றுமே கேட்கவில்லை. பட்டறைக்காரர்களிடம் தகர டின்னும் பெரிய சீன முரசும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் அறுபது வாயும் அந்த ஒரு முரசுக்கு ஆகாது.  அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மேட்டின் மேலிருந்து கொம்புச் சத்தம் வந்தது. மணி பதினொன்று.

அந்தக் கொம்பைப் பற்றித் தோட்டத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பால்வெட்டு ஆட்கள் இருட்டோடு போய் மரம் வெட்டுவார்கள். பால் மங்குக் கிண்ணங்களில் வடிந்து நிறையும்வரை காத்திருப்பார்கள். பதினொரு மணிக்குத் தண்டல் மேட்டில் ஏறி எருமைக் கொம்பை ஊதுவார். ஊதியதும் அத்தனை பேரும் வாளியைத் தூக்கி மரம் மரமாக ஓடிப் பால் எடுக்க வேண்டும். பிந்தினால் பால் கட்டிவிடும். பிந்தினவருக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிக் கூலி. மூன்று மேடு தாண்டியும் கேட்கிற சத்தம் அது. என் மேசைக்கும் தினம் கேட்டது. அதைக் கேட்டால் எனக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று தோன்றும். அதற்குமேல் ஒன்றுமில்லை.

தண்டலிடம் ஓடினேன். கங்காணிக்கு அடுத்தபடி ஆட்களை மேய்க்கிறவர், பேச்சு குறைவு.

“அண்ணே, ஞாயித்துக்கெழம கொம்ப எடுத்துக்கிட்டு லாரியில ஏறுங்க. மச்சான் கோல் கிட்டப் போறப்ப நான் கையக் காட்டுவேன். மூச்சப் புடிச்சு ஒரு ஊது.”

அவர் கொம்பைக் கையில் புரட்டிக்கொண்டே நின்றார். “வேணாம் தம்பி. இது வேலச் சாமான். வெளையாட்டுக்கு ஊதுறது இல்ல.”

“சாமி சாமானா இது? ஊதினா சத்தம் வருது, அவ்வளவுதானே?”

“ஊதிப் பழகவும் முடியாது. தோட்டத்துல நாளைக்கி ஒரு தரம்தான் ஊதலாம். வேற நேரத்துல ஊதினா ஆளு கலைஞ்சு போவும்.”

“பழக வேணாம். அன்னிக்கி ஊதினா போதும்.”

“தம்பி, நான் சொல்றது வந்து...”

“உங்களால என் அக்கா குடும்பம் கெட்டுப்போவணும்னா ஊதாதீங்க!” என்று கத்தினேன். அவர் வயதென்ன, என் வயதென்ன.  ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கொம்போடு லாரியில் ஏறினார். அவர் சொல்ல வந்ததை ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால்! நிற்கிற பழக்கம் எனக்கு இல்லையே.

லாரி முழுக்க ரப்பர் பாள வாடை. அக்காவை நான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவைத்தேன். துணிக்கடை முன்னால் பெண்கள் நின்று பார்த்தார்கள், எதையும் வாங்கவில்லை, ஆனால் முகமெல்லாம் பூரிப்பு. அவர்களைப் பாடாங்குக்கு இழுத்து வருவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆட்டம் தொடங்கிற்று. பட்டறைக்காரர்களின் முரசு இடி போல விழுந்தது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே ஓடினார். நான் கோட்டோரம் மேலும் கீழும் நடந்தேன், நடந்தேன், நடந்தேன். அப்போது துணிக்கடைப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என்ன நினைத்தாளோ, லயத்துக் குழாயடியில் சண்டை போடுகிற குரலில் கத்தினாள்: “அட, காலு இருக்குல்ல, ஒதைங்கய்யா!” ஜனம் வெடித்துச் சிரித்தது. அதோடு எல்லார் வாயும் திறந்துகொண்டது. முரசு கேட்கவில்லை. மச்சான் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் கோல் போட்டார். ஃபோர்மன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒன்றுக்கு ஒன்று. பந்து மச்சான் காலுக்கு வந்தது. முன்னால் யாருமில்லை, கோல் காவலன் மட்டும், அவனும் வழுக்கி முட்டி போட்டிருந்தான். என் உடம்பெல்லாம் பறந்தது. கையைத் தூக்கினேன். தண்டல் என்னைப் பார்த்தார். “ஊதுங்க!” என்று அலறினேன். ஊதினார்.

மச்சான் நின்றார்.

தடுமாறவில்லை, விழவில்லை. நின்றார், அவ்வளவுதான். தலை மேட்டைத் தேடித் திரும்பியது. இடது கை தானாகத் தாழ்ந்து வாளியின் பிடியைத் துழாவியது. அவர் மட்டுமல்ல. எங்கள் பதினொரு பேரும் போட்டது போட்டபடி நின்றார்கள். என் பின்னால் அத்தனை சத்தமும் ஒரே நொடியில் அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். துணிக்கடைப் பெண் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என் அக்கா, ஆறு மாத வயிற்றோடு, ஓர் அடி எடுத்துவைத்துவிட்டிருந்தாள்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் பட்டறைக்காரன் ஒருவன் மச்சான் காலடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனான். எங்கள் ஆட்கள் விழித்து ஓடுவதற்குள் கோல். முரசு மறுபடி கிளம்பியது. பிறகு எங்கள் பக்கம் யாரும் கத்தவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஃபோர்மன் முன்னால் போய் நின்றேன். கொம்பைப் பற்றி, பாலைப் பற்றி, அரைப் பேரைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஓட்டம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கோல் வாசல்ல நிக்கிறானே. பட்டறையிலயும் சங்கு ஊதுவாங்க, என்னா செய்யச் சொல்றே?”

“என் தப்புங்க. நான்தான் ஊதச் சொன்னேன்.”

“இருக்கட்டும். வேற ஆளு பார்த்துக்கிறேன்” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

திரும்பும் லாரியில் எனக்கு உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டல் கொம்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மச்சான் கால் விரலில் ஒட்டிய புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஜனம்தான் பேசியது. “எங்கடி என் வாளின்னு தேடுனேன் லா!” என்று ஒருத்தி சொல்ல, லாரியே குலுங்கிற்று. வாய் வலிக்கச் சிரித்தார்கள். என்ன ஜனம் இது என்று எனக்கு ரத்தம் கொதித்தது. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கவேண்டிய ஆள் நான்தான்.

தோட்டத்து வாசலில் அக்காவைக் கைபிடித்து இறக்கினேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குத் தெரியாம போச்சுக்கா. அது இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியாம போச்சு.”

“ஒனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் அவள். “நீ ஒரு நாளும் அதுக்கு ஓடுனதில்லயே. ஓடக்கூடாதுன்னுதானே ஒன்னைப் படிக்கவச்சேன்.”

முதுகைப் பிடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்துவிட்டாள். மச்சான் பின்னால் போனார்.

மறுநாள் ஆபீசில் எழுத உட்கார்ந்தேன். மணி பதினொன்றுக்கு மேட்டிலிருந்து கொம்பு ஊதியது. எழுந்து நின்றேன். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலே பார்த்து, “எங்க கெளம்பிட்டே?” என்றார். எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. கொம்பு நின்று வெகுநேரம் வரை நின்றுகொண்டே இருந்தேன்.