மெஷின் நின்ற பிறகும்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு சின்னத் தொழிற்சாலை. கம்ப்ரெசர் எவ்வளவு ஓடினாலும் டேங்கில் பிரஷர் நிற்கவில்லை என்று ரிப்பேருக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காற்று கசியும் சத்தம் காதில் விழட்டும் என்று மெஷினை நிறுத்தச் சொன்னேன். நின்றதும், "சோப்புத் தண்ணி கொண்டாங்க" என்றேன்.

"மெல்ல பேசுங்க சார். அதான் மெஷின் நின்னுடுச்சே" என்றார் ஆபரேட்டர்.

இதே வார்த்தையை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கோலார் தங்கவயலில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னாலேயே, சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரெசர் ஹவுஸ். அது ஓட ஓட அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். எங்கள் லைனில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள். அடுப்படியிலிருந்து அம்மா "சாப்ட்டியாடா?" என்றால் தெருமுனைக்குக் கேட்கும். சுரங்கத்தை மூடியபின் ஊரே அமைதியானது. அம்மாவின் குரல் மட்டும் இறங்கவில்லை. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு நண்பர்கள் முன்னால் அது வெட்கமாக இருந்தது.

"ஏம்மா கத்துற? அதான் மெஷின் நின்னுடுச்சே."

அன்றிலிருந்து பக்கத்தில் வந்து மெதுவாக "சாப்ட்டியாடா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. என் அறையில் அதைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

டேங்கின் அடியில், தண்ணீர் வடிக்கும் வால்வில் தடவிய சோப்புத் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது; கசிவு அங்கேதான். காற்றை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றினேன். உள்ளே ஒரு துருச் சில்லு சிக்கி, வால்வை மூடவிடாமல் வைத்திருந்தது. துடைத்து மாட்டி, மெஷினைப் போடச் சொன்னேன்.

ஷெட் அதிர்ந்தது. ஆபரேட்டர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்ட்டேம்மா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.