தீச்சட்டியை நிறுத்திய கட்டை எழுத்து

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தேன். அங்கே ‘கட்டை எழுத்து’ என்று ஒரு மர டைப் இருந்தது. இங்கிலீஷ் டைப் ஒன்றைப் பார்த்து ஓர் ஆசாரி தமிழில் செதுக்கிக் கொடுத்தது. நல்ல அகலம். கோடு முடிகிற இடத்தில் எல்லாம் செங்கல் வைத்ததுபோல் தடித்த பாதம். நாலைந்து எழுத்திலேயே வரி நிறைந்துவிடும். மட்டத் தாளிலும் உடையாமல் விழும், தெருக்கோடியிலிருந்தும் தெரியும். பட்டாசுக் கம்பெனிகள் ‘தீ ஆகாது’ என்று கதவில் ஒட்டும் தாளுக்கு அதைத்தான் கேட்பார்கள்.

ஒரு வருஷம் பங்குனிப் பொங்கல் நோட்டீசுக்குக் கோயில் கமிட்டிக்காரர் வந்தார்.

“கம்பெனிக்காரனுக்குப் பெரிய எழுத்து, அம்மனுக்குச் சின்ன எழுத்தா? அந்தக் கட்டையிலயே போடுங்க.”

மேலே அம்மன் பெயர், கீழே ‘வருக வருக’. கோயில் வாசல் சுவரில் ஒட்டினார்கள்.

திருவிழா அன்று தீச்சட்டி எடுத்தவர்கள் வரிசையாக வந்தார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் வாசலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டாள். பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்கு நேர்ந்த சட்டி. வெளியே இறக்கினால் நேர்த்தி பாழ். பிடித்துக்கொண்டே நின்றால் கை வெந்துவிடும்.

“ஏளா, நட. பின்னால ஆளு நிக்கிது,” என்றார் கூட வந்த அவள் கணவர்.

“சாமி வந்துருச்சு, குலவை போடுங்க,” என்றது ஒரு குரல்.

“சாமியும் வரல, பூதமும் வரல. சுவத்துல போட்டிருக்கத பாருங்க,” என்றாள் அவள்.

நான் கிட்டே போனேன். “தாயி, அது ‘வருக’ன்னு போட்டிருக்கு. நான்தான் அச்சுக் கோத்தேன்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதுண்ணாச்சி. இந்தத் தடிச்ச எழுத்தக் கண்டா நெருப்போட தாண்டாதன்னு எங்க போர்மேன் சொல்லியிருக்காரு. விஸ்வநத்தத்துல நான் வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனி மருந்து ரூம்பு கதவுல இதே எழுத்துதான். உள்ள வெடிமருந்து இருந்தா இம்புட்டுப் பிள்ளைகளும் என்னாகும்?”

சட்டியின் சூட்டில் அவள் கண்ணீர் வழிய நிற்கிறாள், ஊர்ப் பிள்ளைகளுக்காக. நான் கோத்த எழுத்து அவளை அம்மனிடம் போகவிடாமல் மறிக்கிறது. ‘தாயே, பொறுத்துக்கொள்’ என்று மனதுக்குள் கும்பிட்டு, அம்மன் பெயர் இருந்த அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தேன்.

“எவன்லே அம்மன் நோட்டீஸக் கிழிக்கது?” கமிட்டிக்காரர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார்.

சுவர் வெறிச்சென்று ஆனதும் அவள் காலெடுத்து வைத்துவிட்டாள். சன்னதியில் சட்டியை இறக்கினாள். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. தீச்சட்டி எடுத்தால் கை சுடாது என்றே நான் கேட்டு வளர்ந்தவன். அவ்வளவு நேரம் நிற்க வைத்தால் என்ன ஆகும்?

கமிட்டிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். என் சட்டையை விட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“மத்ததெல்லாம் எங்கெங்க ஒட்டிருக்கு?” என்று கேட்டு, செருப்புக்கூடப் போடாமல் கிழிக்கக் கிளம்பினார்.

அதன்பின் கல்யாணத்துக்கோ கடைதிறப்புக்கோ யார் கேட்டாலும் அந்த டைப்பை நாங்கள் கொடுக்கவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். நாம் அடிப்பதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வாசிக்கத் தெரியாதவர்களும் அதைப் பார்க்கிறார்கள், நம்புகிறார்கள்.