சேற்றில் விட்ட ரப்பர் இறால்

எண்ணூர் கழிமுகத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். இரைக்கு உயிர் இறாலைச் செல்வியிடம் வாங்குவேன். நீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர் அவர்.

பிறகு ரப்பர் இறாலுக்கு மாறினேன். உள்ளே தூண்டில் முள் மறைந்திருக்கும். தொட்டால் அசல் இறால்போலவே வழுக்கும். அடியில் எங்காவது சிக்கினால் தூண்டிலின் நைலான் நரம்பை அறுத்துவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொள்வேன்.

"இன்னாண்ணே, எங்கிட்ட வாங்கறதே இல்ல? மீனு ரப்பர் துன்னுதா?" என்று செல்வி கேலி செய்வார்.

ஒரு காலை அவர் கையைத் தூக்கிக்கொண்டு நீரிலிருந்து எழுந்தார். உள்ளங்கையில் சிவப்பு வால் ரப்பர் இறால் தொங்கியது. முந்தைய வாரம் நான் அறுத்துவிட்டது.

"துள்ளிடுமேன்னு இறுக்கிப் புடிச்சிட்டேன்" என்றார்.

என் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சதையைக் கீறித்தான் முள்ளை எடுத்தார்கள். வெளியே வந்ததும், அது என்னுடையது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி கேட்டார்: "இன்னும் எங்கெங்க வுட்டுகீறன்னு சொல்லுண்ணே. அந்தப் பக்கம் கை வெக்காம போறேன். நாளைக்கு எறங்கணும்ல."

பாலத்தடியில் ஒன்று என்றேன். மற்றவை எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

ரப்பர் அழுகுவதில்லை. நீர் வற்றும் வேளையில் சேற்றைத் தடவும் கைகளைக் கண்டால், இன்றும் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.