தண்ணீரில் மூழ்குமுன் சொன்னது

வெள்ளைச் சட்டையோடு கடலில் முழங்கால் அளவு இறங்கி நின்ற எங்கள் பழைய முகாமையாளரைப் பார்த்தபோது எனக்குப் பக்தி வரவில்லை. இந்த மனிதருக்கு இப்போது என்ன தேவைப்படுகிறது என்ற கேள்விதான் வந்தது.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் களஞ்சியத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்குக் கீழே எழுதுவினைஞராக இருந்தவள் நான். காரணமில்லாமல் அவர் ஒருவரைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. ஓய்வுபெற்ற பிறகு கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியவர், தன் ஞானஸ்நானத்துக்கு வரும்படி வீடு தேடி வந்து அழைத்தார். கனடாவிலிருக்கும் மகளிடம் போகச் சபையின் கடிதம் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். சைவர்களான நாங்களும் தீர்த்தமாடுகிறவர்கள்தான், ஆனாலும் ஒருமுறை மூழ்கி எழுந்தால் இவருக்கு எல்லாம் தீர்ந்துவிடுமா என்று மனம் முரண்டு பிடித்தது.

கரையில் தம்பலகாமத்துச் சாரதியும் அவரது அழைப்பில் வந்து நின்றதைக் கண்டதும் சந்தேகம் இன்னும் கனத்தது. களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர் அவர். பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னதை என் காதாலே கேட்டேன். "கப்பல் காத்துக்கொண்டு நிக்குது, ஓடு" என்று விரட்டியவர் முகாமையாளர். அன்று ஒரு தொழிலாளியின் கால் நசுங்கியது. விசாரணைக்குப் போன அறிக்கையிலோ சாரதியின் கவனயீனம் என்றிருந்தது. முகாமையாளர் சொல்லச் சொல்ல அதைத் தட்டச்சு செய்தவள் நான். சாரதிக்கு வேலை போயிற்று; அது நடந்து நாலு வருடம்.

போதகர் ஜெபித்து முடித்ததும் முகாமையாளர் கரைப்பக்கம் திரும்பினார்.

"பிரேக் பிழை எண்டு இந்தத் தம்பி சொன்னவர். நான்தான் ஓடச் சொன்னனான். பிறகு பொய் எழுதினனான். நேற்று பொலிசில போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

சாரதி நின்ற இடத்திலிருந்தே கேட்டார். "என்ர நாலு வருசத்தை இந்தத் தண்ணி கழுவுமோ, சேர்?"

"கழுவாது தம்பி. கடவுள் எனக்கு என்ன தீர்ப்புச் சொன்னாலும் அது நீதிதான். அதை ஒத்துக்கொள்ளத்தான் இறங்கிறன். தப்பிறதுக்கு இல்லை."

அந்தக் குரலில் ஏதாவது தந்திரம் இருக்கிறதா என்று தேடினேன். அகப்படவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: பொய்யைத் தானே எழுதியதாகச் சொன்னாரே தவிர, என் பெயரை அவர் எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, சொல்லும் பொறுப்பை என்னிடமே விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மூழ்கி எழுவதைப் பார்க்காமலே சாரதி வீதிக்கு ஏறிவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"தம்பி, அந்த அறிக்கையை டைப் அடிச்சது நான். பொய் எண்டு தெரிஞ்சுதான் அடிச்சனான்."

"தெரியும் அக்கா. சந்தையில என்னைக் கண்டால் மற்றப் பக்கம் போறனீங்கள். எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

நானும் பொலிசில் போய் வாக்குமூலம் கொடுத்தேன். முகாமையாளர் கனடாவுக்குப் போகவில்லை. அந்தப் பொய் அறிக்கை பற்றிய வழக்கு இன்னும் நடக்கிறது. தவணைக்குத் தவணை அவர் நீதிமன்றத்து நீள வாங்கின் ஒரு முனையில் உட்கார்ந்திருப்பார், நான் மறுமுனையில் இருப்பேன். சாரதி எங்கள் இருவரையும் இன்னும் நம்பவில்லை. நம்பச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாயுமில்லை. போன தவணையில் சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தபோது சாரதி அங்கே முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.