அண்ணி பார்க்காமல் எழுதிய கதை

என் அண்ணிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்க போன் எடுப்பார், வருகிறவர்களை உட்காரவைப்பார், ஊசி என்றதும் வெளிறிப்போகும் பெரிய மனிதர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு ஆசை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். ஒரு பக்கம் தாண்டியதில்லை. அவரே சொல்லுவார்: "ஒரு வரி எழுதலாம்னு உக்காந்தேன். ஆன்லைன்ல குக்கர் வாங்கிட்டு எழுந்திரிக்கிறேன்."

ஒரு நாள் பழைய சாமான் கடையிலிருந்து என்னவோ வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் கீபோர்டு போலத்தான் இருந்தது. அதன் தலைமாட்டில் பட்டையாக ஒரு சின்னத் திரை. அதில் நாலு வரி தெரியும். அடுத்த வரி வந்தால் முதல் வரி மேலே போய் மறைந்துவிடும். இன்டர்நெட் கிடையாது, படம் கிடையாது. கடிகார பேட்டரி போட்டால் ஓடும்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, கால்குலேட்டருக்குப் பெரியப்பாவா?"

"நல்லா சிரிங்க. இதுல எழுதறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தான் வாங்கினேன்."

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணி தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். எந்த எழுத்து எந்த கீயில் என்பது அவர் விரலுக்குத் தெரியும். தமிழில்தான் தட்டுவார். திரையில் மட்டும் தலையும் வாலும் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். பிறகு கருவியை வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, அங்கே தமிழ் டைப்பிங்கைப் போட்டுவிட்டால், அவர் தட்டிய ஒவ்வொரு கீயையும் அது அதே வரிசையில் அனுப்பும், தமிழாக வரும். முதல் நாள் இரண்டு வரி அனுப்பிப் பார்த்தார். வந்தது. அதோடு வயரைச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டார்.

"அப்போ எழுதினதைப் படிக்கவே மாட்டீங்களா அண்ணி?"

"படிச்சா திருத்துவேன். திருத்த ஆரம்பிச்சா அங்கேயே நின்னுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கனத்த கதவு, உள்ளே செல்போன் சிக்னல் எடுக்காது. ஒரு முறை வீட்டுச் சாவி கொடுக்கப் போனேன். கதவைத் திறந்தால், அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. சாவியை ஓரமாக வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தேன்.

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை, இனி இடமில்லை என்று கருவி கையை விரித்துவிட்டது. மறுநாள் காலை அண்ணி வயரைத் தேடி எடுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாம் குப்பையா வந்துச்சுன்னா?" என்றார்.

"வந்தா வரட்டும், பொத்தானை அமுக்கு," என்றார் அண்ணன்.

அமுக்கினார். யாரும் தொடாமலேயே கம்ப்யூட்டர் திரையில் ஓர் எழுத்து விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் எங்கள் நடுவே உட்கார்ந்து தட்டுவதுபோல வார்த்தை வார்த்தையாகக் கதை வந்தது. உயரமான கிரேன் ஓட்டும் ஒருத்தி, ஒரு நாள் வேலை முடிந்தும் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள். கீழே முதலாளி கத்துகிறார், புருஷன் கெஞ்சுகிறான். அவள் மேலேயிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தினமும் என்னோடு வெங்காயம் உரிக்கிறவருக்குள்ளா இவ்வளவு இருந்தது? விளையாட்டுச் செய்தி தவிர எதையும் படிக்காத அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

திடீரென்று எழுத்தெல்லாம் குழம்பியது. கொம்பும் காலும் புள்ளியும் உதிரி உதிரியாக வந்து விழுந்தன. ஒரு பக்கம் முழுக்க அப்படியே.

"போச்சா?" என்றார் அண்ணன்.

அண்ணி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "கையை ஒரு கீ தள்ளி வெச்சிருக்கேன். கண்ணை மூடியிருந்தேன்ல, தெரியல."

பிறகு இரண்டு கையையும் மேஜை விளிம்பில் வைத்தார். அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கீ தள்ளிச் சரியான இடத்தில் வைத்து, வெறும் மரத்தில் தட்டினார்; தட்டத் தட்ட வாய் சொல்லிக்கொண்டு வந்தது. முதலில் தடுமாற்றம், பிறகு தண்ணீர் மாதிரி. கிரேன்காரி தன் அம்மாவோடு போனில் பேசும் இடம் அது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அண்ணன் மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் போல எழுத்து வருவது நின்றது.

"அப்புறம்? அவ இறங்குறாளா இல்லையா?" என்றார் அண்ணன்.

"இன்னும் எழுதலைங்க."

"என்ன இப்படிச் சொல்ற? இந்தா, சமையலை நாங்க பார்த்துக்கறோம். நீ போய் எழுது."

அண்ணி சிரித்தார். ஆனால் எழுந்து போனார்.

அடுத்த வருடம் புத்தகம் வந்தது. பெரிய பேரெல்லாம் இல்லை. ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. அண்ணன் அதைத் தான் வேலை பார்க்கும் லாரி ஆபீசுக்கு எடுத்துப்போய், அங்கே லாரி ஓட்டுகிறவர்களை, கிரேன்காரி இறங்குவாளா மாட்டாளா என்று பந்தயம் கட்டவைத்தாராம். அண்ணி இப்போது இன்னொன்றை ஆரம்பித்திருக்கிறார். என்ன கதை என்று கேட்டால், "வயரை மாட்டும்போது சேர்ந்தே பார்ப்போம்," என்கிறார்.