கழுத்து உள்ளே, கால் வெளியே

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. உடம்பு அசதியா, காய்ச்சலா, மகள் கல்யாணம் முடிந்த களைப்பா, எதுவானாலும் "ஒரு பாட்டில் ஏத்திட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். குளுக்கோஸ் பாட்டில். டீ குடித்துவிட்டு வருவதைப் போலத்தான் சொல்வார்கள். அதை ஏற்றிவிட ஊருக்கு ஊர் ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு ஸ்டாண்டு கூட வேண்டாம், சுவரில் ஓர் ஆணி போதும். மயக்க மருந்து டாக்டரான எனக்கு அந்தப் பாட்டிலின் மேல் தீராத வயிற்றெரிச்சல். ஏற்ற ஏற்ற, கையில் உள்ள நரம்பெல்லாம் தடித்து அடைத்துப்போகும். புத்தகத்தில் அது ரத்தக் குழாய்; எங்கள் ஊரில் நரம்பு. நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். நிஜமாகவே உயிர் போகிற நாளில் ஊசி போட ஒன்றுகூடச் சிக்காது.

நான் எந்த ஒரு ஆஸ்பத்திரிக்கும் சொந்தமில்லை. போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். காலையில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு சிசேரியன் என்றால் மத்தியானம் பழனி ரோட்டில் ஒரு குடல்வால் ஆபரேஷன். அன்றைக்கு அப்போதுதான் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன். சர்ஜன் கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர், என்னை எப்போதும் தாயி என்பார்.

"தாயி, உடனே வா. குடல்ல ஓட்டை. பிரஷர் கீழ போய்க்கிட்டே இருக்கு."

நோயாளி கன்னிவாடிப் பக்கத்து விவசாயி. தக்காளியும் அவரையும் போடுகிறவர். வயிற்று வலியை வாயு என்று நினைத்து, சோடாவும் வலி மாத்திரையுமாக நாளைக் கடத்தியிருக்கிறார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. கை கால் சில்லென்று இருந்தது. நினைவு மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஒரு பாட்டில் மட்டும் ஏத்திவிடுங்கம்மா, எந்திரிச்சிருவேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கை வரை நரம்பெல்லாம் கயிறு மாதிரி. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பொடி ஊசி, அதில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. அவருக்குத் தேவைப்பட்டதோ பிரஷரை ஏற்றும் வீரியமான மருந்து. அதற்குக் கழுத்தின் பெரிய நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற நீளக் குழாய் வேண்டும். அதைப் போடாமல் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லை என்றால் பொழுது சாய்வதற்குள் ஆள் இருக்க மாட்டார்.

"வலது பக்கம் குத்தாதீங்க டாக்டரம்மா, அங்க ஏற்கெனவே குத்திட்டாக" என்றாள் அவர் மனைவி. ஒல்லியான பெண், கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. துண்டை விலக்கினேன். வரும் வழியில் வேறொரு இடத்தில் யாரோ கைத்தடவலாகக் குத்தி, தமனியில் பட்டு, வலது கழுத்து கன்றிப்போய் வீங்கியிருந்தது. மிச்சம் இடது பக்கம் ஒன்றுதான். தொடையிலும் ஒரு பெரிய நரம்பு உண்டு, நாடியை வைத்துத்தான் அதைத் தேட வேண்டும்; தடவிப் பார்த்தேன். நாடியே கைக்குத் தட்டுப்படவில்லை.

"காலர் எலும்புக்குக் கீழ ஒரு குத்து குத்து தாயி. நாம என்ன, அந்தக் காலத்துல பாத்தா குத்துனோம்?"

"நுரையீரல்ல பட்டா நீங்க மூச்சு ஊதுவீங்களா? ஸ்கேன்ல பாத்துத்தான் போடுவேன். மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்க."

மெஷின் வரவில்லை. மேனேஜர் வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"ஏனுங்க மேடம், மெஷின் அந்த ரூமை விட்டு வெளிய வரக்கூடாதுங்க. அதிகாரிங்க வந்து சீல் வச்சுப்போட்டா யாருங்க பதில் சொல்றது?"

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று ஸ்கேன் மெஷினுக்குக் கட்டுக்காவல் அதிகம். நியாயமான காவல்தான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனிதர் பயத்தில், மெஷினைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்! சாப்பிடப் போயிருந்த ஸ்கேன் டாக்டர், "தாராளமா எடுத்துக்குங்க, தைராய்டு பாக்குற ப்ரோப் போதும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். மேனேஜர் அசையவில்லை.

"இந்த ஆளு கழுத்துக்குள்ள ஆம்பளப் புள்ள இருக்கா, பொம்பளப் புள்ள இருக்கான்னா பாக்கப் போறேன்?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். ரூமுக்குள்ள வச்சு என்ன வேணா பாருங்க."

அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. "தள்ளுங்கப்பா டிராலியை" என்றேன்.

ஸ்கேன் அறை ஒரு பொந்து. டிராலி பாதிதான் நுழைந்தது. தலையும் மார்பும் உள்ளே, இடுப்புக்குக் கீழே எல்லாம் வராந்தாவில். வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எழுந்து ஒதுங்கினார்கள். கிருமி நீக்கிய கையுறைக்குள் ஜெல்லைப் பிதுக்கி, ஸ்கேன் எடுக்கும் கைக்கருவியான ப்ரோபை அதற்குள் விட்டு, சுத்தமான துணி விரித்து, இடது கழுத்தில் வைத்தேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிய வேண்டும். ஒன்று துடிக்கும், அது தமனி. இன்னொன்று லேசாக அழுத்தினால் நசுங்கும், அதுதான் எனக்கு வேண்டிய நரம்பு. இங்கே தமனி மட்டும் தெரிந்தது. நரம்பு அதன் முதுகிலேயே ஒரு கோடாக ஒட்டிக் கிடந்தது. உடம்பில் நீர் இல்லை, நரம்பு நிரம்புகிற அளவுக்கு ரத்தம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்தியிருந்தால் இந்தப் பக்கமும் தமனிதான்.

"தலைப்பக்கம் இறக்குங்க" என்றேன் நர்ஸிடம். தலை தாழ்ந்தால் ரத்தம் கழுத்துக்கு வந்து நரம்பு விரியும். நர்ஸ் டிராலியின் கைப்பிடியைச் சுற்றினாள். துருப்பிடித்த திருகு நகரவே இல்லை.

"அப்ப காலைத் தூக்குங்க! வெளிய யாரு இருக்கா? காலைத் தூக்குங்க!"

வெளியே இருந்தது அந்த மனைவிதான். இரண்டு காலையும் சேர்த்து அணைத்து, தன் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டாள்.

அந்த அறையில், கர்ப்பிணிகள் தங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகச் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். வராந்தாவிலிருந்து அவளுக்கு அது நேராகத் தெரிந்தது. கோடாகக் கிடந்தது மெல்ல வாய் திறந்து வட்டமாகிற நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"பெருசாகுதே!"

"ஆமாம்மா, அதுதான். இறக்கிராதீங்க. நீங்க இறக்குனா அது சுருங்கிரும்."

ஊசியை உள்ளே விட்டேன். திரையில் ஊசி முனை வெள்ளைப் புள்ளியாக இறங்கியது. நரம்பின் மேல்தோலைத் தொட்டபோது அந்தத் தோல் அமுங்கி, கீழே தமனியின் பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இரண்டையும் துளைத்துக்கொண்டு போய்விடும். நர்ஸ் பிரஷரைப் படித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் குறைந்திருந்தது. திடீரென்று வட்டம் சுருங்கியது.

"கால்!" என்று அலறினேன்.

"கை நடுங்குதும்மா..." என்றாள். அடுத்த நொடி, குனிந்து அந்த இரண்டு குதிகாலையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். டிராலியே ஒரு ஆட்டம் ஆடியது. வட்டம் திறந்தது. முனையை ஒரு மயிரிழை நகர்த்தினேன். மெத்தென்று ஒரு விடுபடல். ஊசிக்குழலில் ரத்தம் வந்தது. கறுத்த ரத்தம், துடிப்பில்லாமல். நரம்பு ரத்தம். ஊசி வழியே ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அது வட்டத்துக்குள்தான் போகிறது என்பதைத் திரையில் பார்த்து, அதன் மேல் குழாயை ஏற்றித் தைத்தேன். மருந்தைத் தொடங்கச் சொன்னேன். நர்ஸ் சொன்ன எண் கூடியது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

"இறக்கலாம்மா, போட்டாச்சு" என்றேன்.

அவள் இறக்கவில்லை. "சுருங்கிரும்ல?"

"இனிமே சுருங்குனாலும் பரவால்ல. குழாய் உள்ள இருக்கு."

டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. டிராலியைத் தியேட்டருக்குத் தள்ளும்போதும் காலைத் தோளில் வைத்தபடியே கூட நடந்து வந்தாள். சர்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சாடை காட்டினேன், விட்டுவிட்டார். வாசலில் நர்ஸ் கால்களை வாங்கிக்கொண்டாள். கதவு மூடுகிறவரை அந்த மனைவியின் கை அந்தரத்திலேயே இருந்தது.

தியேட்டர் மேஜை ஒரு பொத்தானில் சாயும். பிரஷர் தடுமாறியபோதெல்லாம் சாய்த்துக்கொண்டேன். சர்ஜன் ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி மூடினார். விவசாயி சாகவில்லை. எனக்கு அதற்கு மேல் எதுவும் அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

நல்ல சேதியைச் சொல்ல நானே வெளியே வந்தேன். அவள் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள், உட்காரவே இல்லையாம். நான் வாயைத் திறக்கும் முன் கேட்டுவிட்டாள்.

"உள்ள அவரு கால யாரும்மா புடிச்சிருந்தா?"

மேஜையைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

"நாந்தேன் புடிச்சிருந்தேன். முடிஞ்சிருச்சு, நல்லா இருக்காரு."

"அம்புட்டு நேரமுமா?" என்றாள். என் வலது கையை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

"கை கடுத்துப்போயிருக்குமே தாயி."

கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த வராந்தாவில், எல்லாரும் பார்க்க, நான் அழுதேன்.