மூன்றாவது குழாய்

விழுப்புரம் பக்கம் காணை ஊரைச் சுற்றி எந்தக் கிணற்றடியில் என்ஜின் மக்கர் பண்ணினாலும் இருதயராஜைத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். ஆனால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்ததும் அவர்தான். தாண்டவராயன் நிலத்தில் அரை ஏக்கர் மல்லாட்டை; நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர். பழைய இரும்புக்குப் போகவிருந்த ஒரு என்ஜினைச் சரிசெய்து கிணற்றடியில் நிறுத்தியிருந்தார்.

அந்த என்ஜினுக்கு இரண்டு குழாய். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் கிருஷ்ணாயிலுக்குத் திருப்ப வேண்டும். தினமும் திருப்பிய கைக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. சூடானால் பெட்ரோலிலிருந்து கிருஷ்ணாயிலுக்கு மாறுகிற என்ஜின், இன்னும் சூடானால் தண்ணீருக்கு ஏன் மாறாது? படித்தவனுக்கு இந்தத் தப்பு வராது. என்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத்தான் வரும்.

எண்பத்து மூன்றில் மழையும் இல்லை, கிருஷ்ணாயிலும் குதிரைக்கொம்பு. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட குளுக்கோஸ் குழாயை மூன்றாவதாகப் பொருத்தி, காற்று போகிற வழியில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்த என்ஜின் சாதுவாக ஓடியது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே பஸ் ஏறித் திண்டிவனம் போய், தெரிந்த விஞ்ஞான வாத்தியார் சீனுவாசனிடம் சொன்னார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

"வெறகு எரிஞ்சா சாம்பல். ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணி. தண்ணின்றதே எரிஞ்சு முடிஞ்சதுப்பா. சாம்பல மறுபடி எப்படி எரிப்ப?"

கரண்ட் விட்டுத் தண்ணீரைப் பிரிக்கலாம், ஆனால் பிரிக்கப் போடுகிற சக்தியைவிட எரித்து எடுப்பது குறைச்சலாகத்தான் இருக்கும் என்றார். சொட்டுத் தண்ணீர் உள்ளே சூட்டைத் தணித்துத் தட்டலை அடக்குகிறது, இழுப்பதென்னவோ கிருஷ்ணாயில்தான் என்றும் விளக்கினார். இருதயராஜ் தலையாட்டிக்கொண்டு வந்தார். புத்தி ஒத்துக்கொண்டது, காது ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி லூர்துமேரி ரேஷன் கடையில் கால்கடுக்க நின்று ஐந்து லிட்டர் சேர்த்து வைத்திருந்தாள். "காய் எறங்குற நேரம்யா. இந்த ஒரு தண்ணி பாய்ச்சிட்டா போதும். வெளாட்டெல்லாம் அப்பறம் வச்சிக்க" என்றாள். சரியென்றுதான் சொன்னார்.

இரண்டு பாத்தி பாய்ந்திருக்கும். என்ஜின் அத்தனை இதமாக ஓடியது. கை தானாகப் போய்க் கிருஷ்ணாயிலை அடைத்தது. தண்ணீரை முழுக்கத் திறந்தது. என்ஜின் நிற்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த கிருஷ்ணாயில்தான் ஓட்டியது, அது அவருக்குத் தோன்றவில்லை. வாய்க்காலில் நின்ற மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாழ்நாளில் அப்படிச் சிரித்தது அந்த நாலைந்து விநாடிதான், பாவம். பிறகு ஒரே ஒரு சத்தம். காற்றை அமுக்கலாம், சிலிண்டருக்குள் நிறைந்துவிட்ட தண்ணீரை அமுக்க முடியாது. ராடு வளைந்து, சிலிண்டர் பிளந்துவிட்டது.

விழுப்புரம் லேத்துக்காரர் இது தேறாது என்று கையை விரித்தார். லூர்துமேரி குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அரை ஏக்கருக்கு எத்தனை குடம் ஊற்ற முடியும்? பிடுங்கிப் பார்த்தால் அத்தனையும் பருப்பில்லாத பொக்கு.

தாண்டவராயன் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார். இருதயராஜ் தலைகுனிந்து நின்றார். லூர்துமேரிதான் முன்னால் வந்து பேசினாள்.

"அவரு தெரியாம பண்ணிட்டாருங்க. படிக்காத மனுசன். எடுத்துச் சொல்ல ஆளு இருந்தா செஞ்சிருப்பாரா?"

திண்டிவனம் போய்வந்ததை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை. நிலம் போய், அவள் மறுபடி கூலிக்குப் போன வருஷங்களிலும், யார் கேட்டாலும் அவள் அதையேதான் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.